ஓலை படித்தவன்

எங்கள் தெருவில் கிரில் கேட் போடாத வீடு கிடையாது, மேடம். திருடர்களுக்குப் பயந்து அல்ல, குரங்குகளுக்குப் பயந்து. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஆகவே உத்திரமேரூர்க் குரங்குகளின் தரம் உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. போன சித்திரையில் ஒன்று என் சமையலறைக்குள் வந்து, பிரிட்ஜைத் திறந்து, தயிரைத் தின்று, பிரிட்ஜை மூடிவிட்டுப் போனது. மூடிவிட்டுப் போனது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். என் மருமகன் ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

ஆகவே மாடிப்படியின் உச்சியில் ஒரு கேட், அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டின் சாவி என் அரைஞாண் கயிற்றில். நடந்ததை நடந்தபடி உங்கள் கைப்பட எழுதித் தாருங்கள் என்று நான்கு தாள் கொடுத்தீர்கள். எனக்கு நான்கு தாள் எந்த மூலைக்கு என்று ஏட்டையாவிடம் இன்னும் பத்துத் தாள் வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரு திருத்தம். சுகுமார் சாய்ந்தபோது பதற்றத்தில் சாருக்குச் சாவி எங்கே என்று மறந்துபோய்விட்டது, வயதாகிவிட்டதல்லவா, என்று ஸ்ரீனி உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பிள்ளை. என்னையும் காப்பாற்றி, தன்னையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறான். ஆனால் நான் முப்பத்தோரு வருடம் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். காஞ்சிபுரத்திலிருந்து மதுராந்தகம் வரை எந்தத் தராசின் தட்டுக்கு அடியில் எவன் மெழுகு ஒட்டுவான், எந்தப் படிக்கல்லைக் குடைந்து எவன் தக்கை அடைப்பான் என்பது எனக்கு மனப்பாடம். நான் கடைத்தெருவில் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்ட நான் சாவியை மறந்தேன் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறுவது எனக்குச் சம்மதமில்லை. நான் எதையும் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஓய்வுபெற்ற முதல் வருடம் எனக்கு நல்ல வருடம் அல்ல. மனைவி பெங்களூரில் மகளோடு தங்கிவிட்டாள். பேரன் பிறந்ததற்கு மூன்று மாதம் என்று போனவள், பேரன் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மத்தியான வேளைகளில் மாடி அறையில் கேட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே மதில்மேல் குரங்குகள் வரிசையாக வந்து உட்கார்ந்து என்னைப் பார்க்கும். குட்டிகளைத் தூக்கி என்னைக் காட்டும். கூண்டில் இருப்பது யார் என்பதில் அவற்றுக்கு ஐயமே இல்லை.

அந்தச் சமயத்தில் மகள் வீட்டைக் காலி செய்தபோது அனுப்பிய அட்டைப் பெட்டிகளில் ஒரு புத்தகம் இருந்தது. ஆங்கிலத்தில் முந்நூற்றிருபது பக்கம். அது ஓர் ஆட்டத்தின் விதிப்புத்தகம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் கதையை நடத்துவார்: நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ மூச்சுவிடுகிறது, என்ன செய்கிறீர்கள் என்பார். மற்றவர்கள் நான் உள்ளே போகிறேன், நான் ஓடுகிறேன் என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை உருட்டி, விதியைப் பார்த்து முடிவு செய்வார்கள். பலகை இல்லை, காய் இல்லை, ஜெயித்தவர் தோற்றவர் இல்லை. முழுக்க விதிகளாலேயே ஆன ஓர் உலகம். என் வயதுப் பையன்கள் தொடர்கதை படித்த காலத்தில் நான் எடையளவுச் சட்டம் படித்தவன், மேடம். நல்ல விதி ஒன்றைப் படித்தால் எனக்கு மாவடு கடித்ததுபோல இருக்கும். அந்தப் புத்தகத்தை நான்கு முறை படித்தேன். முப்பத்தெட்டு இடங்களில் பிழை கண்டுபிடித்து அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பயந்திருப்பார்கள்.

ஆனால் அதிலிருந்த உலகம் எனக்குப் பிடிக்கவில்லை. பனி, தேவதைகள், தாடி வைத்த குள்ளர்கள். வெட்டுப்பட்டவன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் புதுசாகிவிடுகிறான். செத்தவனைப் பூசாரி வந்து எழுப்பிவிடுகிறார். எனக்கு வேண்டியிருந்தது வேறு வகை. இளவயதில் மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்கிய அட்டை கிழிந்த ஆங்கிலக் கதைகள்: ஒரு வாள்வீரன், அவனுக்குப் பசி, எதிரே ஒரு பாழடைந்த நகரம், உள்ளே ஒரு சூனியக்காரன். காப்பாற்ற வேண்டிய ராஜா இல்லை, நியாயத்துக்கான போர் இல்லை. உள்ளே போனவன் உயிரோடு வெளியே வருவானா என்பது மட்டும்தான் கதை. அந்த வாளும் சூனியமும் உலகத்துக்குத் தகுந்தாற்போல இந்த விதிகளை மாற்றி எழுத உட்கார்ந்தேன். எட்டு மாதம், பதினோரு நோட்டுப் புத்தகம். களம் நம் தொண்டை நாடுதான். ஏரிகள் எல்லாம் வற்றிப்போன ஒரு காலம். திருப்புலிவனத்தில் நிஜமாகவே புலி. மாகறல் ஆற்றுத்துறையில் லாரி நீளத்துக்கு ஓர் உடும்பு. படியிறங்கிப் போகும் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றின் கடைசிப் படியில், தண்ணீருக்குக் கீழே, சூனியக்காரனின் வாசல்.

முதலில் வைத்தியத்தை எடுத்தேன். காயம் பட்டால் பட்டதுதான், ஆற மூன்று வாரம். பிறகு பூசாரியை எடுத்தேன். செத்தவன் திரும்புவதில்லை. அதிர்ஷ்டப் புள்ளி, மறுபடி உருட்டும் சலுகை எல்லாவற்றையும் எடுத்தேன். யார் எவ்வளவு சுமக்கலாம் என்ற பகுதியை மட்டும் பத்து மடங்காக்கி, பலம், வீசை, மணங்கு என்று நம் பழைய அளவைகளில் எழுதினேன். ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நாளே ஒரு வீரன் கேடயத்தோடு மலையேற முடியாமல் நடுவழியில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அன்று இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது.

அந்த வீரன்தான் சுகுமாருடைய பாத்திரம். பெயர் கொடுவாள் குப்பன். சுகுமாருக்கு நாற்பத்திரண்டு வயது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை. என் போர் மோட்டாரைச் சரிசெய்ய வந்தவன், மேஜைமேல் நோட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னா சார் இது, செத்தா செத்ததுதானா?" என்றான்.

"செத்ததுதான்."

"திரும்ப வர்றதுக்கு வழியே இல்லையா?"

"இல்லப்பா. நான் எடுத்துட்டேன்."

"அப்ப இது நெசமாவே நல்லா கீது சார்."

அன்றே மோட்டாரைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தான். அடுத்து வந்தவள் திவ்யா, பள்ளியில் அறிவியல் ஆசிரியை, இருபத்தொன்பது வயது. அவளுடைய பாத்திரம் ஒரு திருடி. மூன்றாமவன் ஸ்ரீனி, ஒரு வங்கியில் நகைக்கடன் பார்க்கிறவன், சாதுவான பையன். ஆகவே மந்திரவாதியாக ஆடினான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆரம்பித்தால் ஏழுக்கு முடிப்போம். செல்போன்கள் பிஸ்கட் டின்னுக்குள், டின் பீரோவுக்குள். கேட் பூட்டியிருக்கும், குரங்குகளை முன்னிட்டு.

ஆட்டத்திலிருந்து பகடையை எடுத்ததும் குரங்குகளால்தான். இருபது முகம் கொண்ட பச்சைப் பகடையை ஒன்று நெல்லிக்காய் என்று தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து கடித்து, என்னைத் திட்டியது. திட்டியது என்றுதான் ஸ்ரீனியும் நினைக்கிறான். அன்று தோன்றியது எனக்கு. நம் ஊரில் எதற்குப் பகடை? ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த ஊர் இது. அந்த விதிமுறையைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். குடத்திலிருந்து வந்தது என்றால் இங்கே எவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள், அது ரத்தத்தில் ஊறியது. ஒரு மண்பானை வாங்கினேன். பனையோலையை விரல் நீளத்துக்கு நறுக்கி, வெட்டு, தவறு, காயம், தப்பித்தான் என்று எழுதிப் போட்டேன். ஆடுகிறவர் பானைக்குள் கைவிட்டு ஓர் ஓலையை எடுக்க வேண்டும். எடுத்ததைத் தான் பார்க்காமல், ஐந்து விரலையும் விரித்து நீட்டிய என் உள்ளங்கையில் வைக்க வேண்டும். நான் உரக்கப் படிப்பேன். இதெல்லாம் சுவரில் உள்ளபடியே.

சுவரில் இன்னும் ஒரு விதி இருக்கிறது. படித்தவர் படித்து முடித்ததும் அதே ஓலையை அங்கிருக்கிற மற்ற எல்லாரும் வாங்கி ஒருமுறை படிக்க வேண்டும். அதை நான் எடுத்துவிட்டேன். வாள் வீச்சு வேகமாகப் போக வேண்டும், மேடம். ஒவ்வொரு வீச்சுக்கும் மூன்று பேர் மூக்குக்கண்ணாடியைத் தேடினால் சூனியக்காரன் தூங்கிவிடுவான். தழுவி எழுதுகிறவன் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும்.

பத்துக்கு ஒன்பது முறை ஓலையில் இருந்ததைத்தான் படித்தேன். பத்தாவது முறை கதைக்கு எது தேவையோ அதைப் படித்தேன். இதைத் தவறென்று சொல்ல முடியாது. கதை நடத்துகிறவர் தேவைப்பட்டால் பகடையின் எண்ணை மறைத்து மாற்றிச் சொல்லலாம் என்று அந்த ஆங்கிலப் புத்தகமே அனுமதிக்கிறது. மாகறல் உடும்பு முதல் வாரமே குப்பனை விழுங்கியிருக்க வேண்டும். ஓலையில் அப்படித்தான் வந்தது. நான் 'தப்பித்தான்' என்று படித்தேன். சுகுமார் நாற்காலிமேல் ஏறி நின்று ஆடினான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து திவ்யா அழுதேவிட்டாள். அந்த ஓலையை உள்ளபடி படித்திருந்தால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு வருடத்தில் அவர்கள் பானையிடம் மற்றதையும் கேட்க ஆரம்பித்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திவ்யாதான் முதலில், விளையாட்டாக: பணியிட மாறுதலுக்குச் செய்யாறா, மதுராந்தகமா என்று இரண்டு ஓலை எழுதிப் போட்டாள். மதுராந்தகம் என்று வந்தது, அதையே படித்தேன், அது அவளுக்கு ஒத்துவந்தது. அடுத்து ஸ்ரீனி கார் வாங்கலாமா என்று கேட்டான். அதன் பிறகு ஆட்டம் தொடங்கும் முன் அரைமணி நேரம் பானைக்கு வேலை இருந்தது. இவர்களெல்லாம் படித்தவர்கள், மேடம். ஆனால் ஒரு முடிவை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்வது இருக்கிறதே, அது மணங்குக் கணக்கில் கனக்கிற சரக்கு. இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள். ஒருமுறை எடுத்தால் மறுமுறை எடுக்கக் கூடாது என்ற ஆட்டத்தின் விதியை இதற்கும் அவர்களே பொருத்திக்கொண்டார்கள்.

ஆவணியில் திவ்யாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வரன் வந்தது. பையன் நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது, வீட்டில் சரியென்றுவிட்டார்கள். ஆனாலும் பானையைக் கேட்டாள். 'சரி' என்று எழுதிய ஓலை என் உள்ளங்கைக்கு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு எப்படி வந்துபோவாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது. 'வேண்டாம்' என்று படித்தேன். பானையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சரி சார், ஆரம்பிங்க. என் திருடி எங்க நிக்கறா?" என்றாள். அன்று அவள் ஆடிய ஆட்டம் மாதிரி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை அவளிடம் சொல்ல நேர்ந்தால் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மார்கழி முதல் வாரம் சுகுமாருக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மூன்று இடத்தில் அடைப்பு, பதினைந்து நாளுக்குள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று சீட்டு எழுதித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். காப்பீட்டு அட்டையில் செலவு முழுக்க அடங்கிவிடும், அதில் தொல்லை இல்லை. சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் இரண்டு முறை படித்தேன். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்பது அதில் தெளிவாகவே எழுதியிருந்தது.

"நெஞ்சப் பொளந்து, மோட்டாரு மாதிரி ஒக்குட்டு, தெச்சி வுட்டா அப்பறம் நான் நானா இருப்பனா சார்?" என்றான். "ராவெல்லாம் இதே பேஜார். தூக்கமே வர்ல."

"டாக்டர் என்னப்பா சொல்றார்?"

"அவுரு மெஷினு மாதிரி பேசறாரு. மூணு மாசம் மாடிப்படி ஏறக் கூடாதுன்றாரு. எங்க வூட்ல மாகறலுக்குக் கூட்டுக்கினு போயிடுவேன்னுது, அதோட அம்மா வூட்டுக்கு."

மூன்று மாதம், மேடம். அப்போது நாங்கள் இரண்டு வருடம் நடந்து நடவாவிக் கிணற்றின் மேல்படிக்கு வந்து நிற்கிறோம். கீழே சூனியக்காரனின் வாசல். கொடுவாள் இருப்பது குப்பனிடம். குப்பன் மாகறலில் மாமியார் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தால் நான் யாரை இறக்குவது? கீழே ஹாலில் ஆடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். திவ்யாவும் கேட்டாள். ஹாலில் இருக்கிற மேஜை வட்ட மேஜை, அதில் தலைமைப் பக்கம் கிடையாது.

சுகுமார் தானாகவேதான் ஓலை எழுதினான். ஒன்றில் 'போ', ஒன்றில் 'இரு'. அவன் கையெழுத்து எப்போதும் கோணல், அன்று இன்னும் கோணல். பானையை ஸ்ரீனி குலுக்கினான். சுகுமார் எடுத்து, பார்க்காமல், என் உள்ளங்கையில் வைத்தான். 'இரு' என்று படித்தேன்.

அவன் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரமாகத் தூங்காதவன். "அவ்ளோதான், முடிஞ்சிது. பானை சொன்னா சரிதான் சார்" என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்து முழுசாகக் குடித்தான். ஸ்ரீனி மட்டும், "சார், இது உடம்பு விஷயம். இதுக்கெல்லாம் பானையைக் கேக்கலாமா? இன்னொரு தடவை..." என்று இழுத்தான்.

"ரெண்டாவது வாட்டி எடுக்கக் கூடாதுப்பா, ஐயரே" என்று சுகுமாரே அவனை அடக்கிவிட்டான். "வெதின்னா வெதிதான்."

விதியை அவ்வளவு மதித்த ஒருவனை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

பொங்கல் கழித்து அவன் மனைவி இளவரசி வந்தாள். நான் மாடியில் இருந்தேன். அவள் படியேறி வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். மதிலில் ஏழெட்டுக் குரங்குகள் இருந்ததால் கேட்டைத் திறக்காமலே பேசினோம்.

"சார், ஆஸ்பத்திரி தேதி தாண்டி இருவது நாளு ஆயிடுச்சி. எதக் கேட்டாலும் நான் முடிவு பண்ணிட்டேன், நான் முடிவு பண்ணிட்டேன்னே சொல்லிக்கினு கீறாரு. இன்னாத்த முடிவு பண்ணாருன்னு சொல்ல மாட்டேன்றாரு. நாஷ்டா துன்னக்கூட மூச்சு வாங்குது அந்தாளுக்கு."

"பயமா இருக்கும்மா அவனுக்கு."

"எனக்கும்தான் பயமா கீது. பசங்க ரெண்டு பேரும் அப்பா ஏன் இப்டி மூச்சு வுடுதுன்னு கேக்குதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா கெளம்பிடுவாரு சார். பெத்த நைனா சொன்னாக்கூட கேக்காது, நீங்க சொன்னா கேக்கும்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இதிலும் நான் முறைப்படியே நடந்துகொண்டதாக நினைக்கிறேன். பானை சொன்ன பிறகு நான் ஒன்று சொன்னால் பானைக்கு என்ன மதிப்பு?

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குப்பன் கிணற்றில் இறங்கினான். சுகுமார் இருபத்திரண்டு படியையும் மூன்று முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தான். மூன்று மணிக்குக் கேட்டைப் பூட்டினேன், செல்போன்களை டின்னில் போட்டு பீரோவில் வைத்தேன். ஐந்து மணிக்குத் திருடியும் மந்திரவாதியும் சூனியக்காரனின் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தார்கள். தண்ணீர் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் குப்பன் தனியாக. மேலே போக வழி அடைந்துவிட்டது, முன்னே ஒரே ஒரு கதவு. இரண்டு வருடத்தில் அவ்வளவு நல்ல கட்டத்தை நான் அமைத்ததில்லை. மதில்மேல் குரங்குகள்கூட அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

ஐந்து பத்துக்கு சுகுமார் இடதுகையை உதறிக்கொண்டு, "சார், நெஞ்சு ஒரு மாதிரி பிசையுது. கேட்டத் தொறங்க, கீழ போயி கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வர்றேன்" என்றான்.

"என்னமா நடிக்கறான் பாரு, தண்ணி இவன் கழுத்துவரைக்கும் வந்துடுத்து" என்று ஸ்ரீனி கைதட்டினான்.

திவ்யா எழுந்துவிட்டாள். "இல்ல ஸ்ரீனி. சட்டையப் பாரு, நனைஞ்சி போச்சி. சார், நெஜமாவே வேர்க்குது அவருக்கு. தொறங்க சார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சாவி இடுப்பில் இருந்தது, கை அதன்மேல்தான் இருந்தது. நான் சுகுமாரிடம், "பானையைக் கேட்டுடலாமாப்பா?" என்றேன்.

அவன் சிரித்தான். உதடு வெளுத்திருந்தது. "கேளுங்க சார்" என்றான்.

இரண்டு ஓலையில் நானே எழுதினேன், 'திற', 'ஆடு' என்று. பானையைக் காலி செய்து, அந்த இரண்டை மட்டும் போட்டு நன்றாகக் குலுக்கினேன், மூன்று முறை. அதில் எந்தச் சூதும் இல்லை. அவன் கை பானையின் வாயைத் தேடியது, திவ்யா மணிக்கட்டைப் பிடித்து உள்ளே விட்டாள். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஓலை ஈரமாக இருந்தது.

"இன்னா சார் வந்துச்சி?"

"ஆடு" என்று படித்தேன்.

திவ்யா, "சார், விளையாட்டில்ல இது" என்றாள். சுகுமார்தான் அவளை உட்காரச் சொன்னான். "முடிச்சிட்டே போலாம் திவ்யாம்மா. பானையே சொல்லிடுச்சி, ஒண்ணும் ஆவாது." பிறகு என் பக்கம் திரும்பி, "குப்பன் கதவ ஒதைக்கறான் சார்" என்றான்.

அடுத்த இருபத்தைந்து நிமிடம் குப்பன் சண்டை போட்டான். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓலை எடுக்க சுகுமாரால் முடியவில்லை, அவனுக்காக ஸ்ரீனி எடுத்தான். ஐந்து நாற்பதுக்குச் சூனியக்காரனின் தலை தண்ணீரில் விழுந்தது. "வுழுந்திச்சா சார்?" என்று கேட்டான். விழுந்தது என்றேன். அவன் நாற்காலியில் பக்கவாட்டில் சாய்ந்தான். அதற்குமேல் ஒரு விநாடிகூட நான் தாமதிக்கவில்லை, பூட்டு ஒரே திருப்பில் திறந்தது. ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த அரைமணி நேரம் எனக்கும் தெரியும். கடிகாரம் என் எதிரேதான் மாட்டியிருந்தது.

இளவரசியின் புகாரில் பூட்டிய கேட்டைப் பற்றி மட்டும்தான் இருக்கிறது. அவளுக்குப் பானையைப் பற்றித் தெரியாது. திவ்யாவும் ஸ்ரீனியும் அன்று முடிவு செய்தது பானை என்று நினைத்துத் தங்களைத் தாங்களே நொந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்ரீனி வங்கிக்கே போவதில்லையாம். அவர்களுக்காக இத்துடன் ஓர் உறை இணைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கான ஓலைகளைப் படித்ததும் திரும்பப் பானையிலேயே போட்டுவிடுவேன். உறைக்குள் இருக்கும் இரண்டையும் மட்டும் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன், தடயப் பொருளை முறையாகப் பாதுகாப்பது என் தொழில். அரக்கு முத்திரை என்னுடையது.

உறையைப் பிரித்தால், மார்கழியில் சுகுமார் என் உள்ளங்கையில் வைத்த ஓலை இருக்கும். அதில் அவனுடைய கோணல் எழுத்தில் 'போ' என்று எழுதியிருக்கும். மற்றது தை மாதக் கடைசி ஞாயிறு ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவன் எடுத்தது. அதில் என் எழுத்தில் 'திற' என்று இருக்கும். இரண்டு முறையும் பானை சரியாகத்தான் சொன்னது. இரண்டு முறையும் நான் கண்ணாடி போட்டிருந்தேன், அறையில் வெளிச்சம் போதுமான அளவு இருந்தது. மறதியால் அல்ல, பதற்றத்தாலும் அல்ல. இருந்ததைப் பார்த்தேன், வேறொன்றைப் படித்தேன். அவன் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்பது முதல் முறையே எனக்குத் தெரியும். இதற்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த சட்டம் தராசுக்கு மட்டும்தான்.

இளவரசிக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவன் சாயும்போது என்னைத்தான் பார்த்தான், அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இல்லை. கட்டியவளோ பெற்ற மகளோ கடைத்தெருவோ யாரும் என்னை அவ்வளவு முழுசாக நம்பியதில்லை, மேடம். அந்த நம்பிக்கையை நான் கடைசிவரை கெடுக்கவில்லை.